இரு மொழிக்கு ஒரு மனம்: எல்லைத் தமிழும் கணினியின் மொழி மாதிரிகளும்

மனித மொழியையும் அதன் பின்னால் இயங்கும் அறிதிறனையும் கணினியில் வடித்துப் பார்க்கும் முயற்சி ஆய்வுக்கூடங்களைக் கடந்து அன்றாடப் புழக்கத்திற்கு வந்துவிட்ட இக்காலத்தில், பெரும் மொழி மாதிரிகள் எனப்படும் நிரல்கள் மனிதரைப்போல எழுதுகின்றன என்பதை வைத்து, மனித மனம் மொழியைக் கையாளும் முறையையும் அவை காட்டுகின்றன என்று முடிவுகட்டும் போக்கு அறிஞர்களிடமும் பொதுமக்களிடமும் பரவியிருக்கிறது. இம்முடிவுக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே மொழியில் வளர்ந்து, அம்மொழியின் அச்சு வடிவத்தைப் படித்துப் பழகிய மனிதர்களையே அளவுகோலாகக் கொண்டவை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலும் இடுக்கியின் மலைத் தாலுகாக்களிலும் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே வாக்கியத்தில், தடையின்றிப் புழங்குகின்றன. அங்கு வளரும் ஒரு குழந்தையின் மனத்தில் நடப்பதை இம்மாதிரிகளால் விளக்க முடிகிறதா என்று கேட்டால்தான் அவற்றின் உண்மையான வலிமையும் வரம்பும் தெரியவரும்.

இந்த நிலப்பகுதிக்கு ஒற்றை மொழிவரலாறு கிடையாது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும், சிற்றூர் கொச்சி அரசிலும், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகியவை திருவிதாங்கூரிலும் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியே மாற்றியமைக்கப்பட்டபோது இவை அனைத்தும் கேரளத்திற்குள் வந்தன. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய போராட்டம் தோற்றது. இடுக்கி தனி மாவட்டமானது 1972இல். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊர்களின் தமிழ் பொள்ளாச்சி, கோவைப் பக்கத்துக் கொங்குத் தமிழோடு தொடர்ச்சி உடையது; கல்பாத்தி அக்கிரகாரத்தின் தமிழோ பல நூற்றாண்டுகளாக மலையாளத்தோடு உறவாடித் தனக்கென ஒரு நடையை வளர்த்துக்கொண்டது. மறையூர், காந்தளூர் உள்ளிட்ட அஞ்சுநாட்டு ஊர்களின் தமிழ், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் தலைமுறைகளாக வாழும் தொழிலாளர்களின் தமிழ், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் ஜீப்பில் ஏலக்காட்டு வேலைக்கு வந்துபோகும் தேனி மாவட்டப் பெண்களின் தமிழ் என இடுக்கியில் மட்டும் பல அடுக்குகள் உண்டு. இவற்றோடு அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரின் மொழிகளும், இடுக்கி மலைகளில் முதுவான், மன்னான் மக்களின் மொழிகளும் வாழ்கின்றன. மலையாள இலக்கியத்தின் தந்தையாகப் போற்றப்படும் எழுத்தச்சனின் குருமடம் இருப்பதும் இதே சிற்றூரில்தான் என்பதை நினைத்தால், இங்கு எந்த மொழி உள்ளூர் மொழி, எது வந்த மொழி என்ற வாதம் எவ்வளவு பொருளற்றது என்பது விளங்கும்.

மொழியை எண்ணாக அளக்கும் எண்ணத்திற்குத் தெளிவான கணித வடிவம் கொடுத்தவர் கிளாட் ஷானன். 1948இல் அவர் வகுத்த தகவல் கோட்பாட்டின்படி, எளிதில் ஊகிக்கக்கூடிய குறி குறைந்த தகவலையும் ஊகிக்க முடியாத குறி மிகுந்த தகவலையும் தருகிறது. இதன் சராசரி அளவே என்ட்ரோபி எனப்படுவது. 1951இல் அவர் ஆங்கில உரைநடையின் அடுத்த எழுத்தை மனிதர்களை ஊகிக்கச் சொல்லி, முந்தைய நூறு எழுத்துகள் தெரிந்திருந்தால் ஓர் எழுத்தின் தகவல் ஏறத்தாழ 0.6 முதல் 1.3 பிட் வரை என்று மதிப்பிட்டார். இன்றைய மொழி மாதிரிகளின் அடிப்படை வேலையான அடுத்த சொல்துண்டை ஊகித்தல் என்பது இந்தச் சோதனையின் நேரடி வாரிசு. தமிழுலகில் பலர் மறந்துவிட்ட செய்தி, இதே அளவீடு தமிழுக்கும் மிக விரைவாகவே வந்துவிட்டது என்பது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் புள்ளியியல் அறிஞர் கிஃப்ட் சிரோமணி தமிழ் உரைநடையின் என்ட்ரோபியைக் கணக்கிட்டு 1963இல் வெளியிட்டார். பின்னர் அவரும் ராணி சிரோமணியும் வாசலில் போடும் கோலங்களை உருவாக்கும் விதிகளை முறைசார் இலக்கணங்களாக எழுதிக்காட்டினார்கள். ஒருபுறம் நிகழ்தகவு, மறுபுறம் விதி என்று மொழியறிவை விளக்கப் போட்டியிட்ட இரண்டு வழிகளும் ஒரே தமிழ்நாட்டுக் கல்லூரியில் ஒரே குடும்பத்தின் கையில் இணைந்திருந்தன என்பது பெருமைக்குரியது. அந்த மரபு அதே வேகத்தில் தொடரவில்லை என்பது வருத்தத்திற்குரியது.

அந்தப் போட்டி உலக அளவில் நீண்டது. ஒருவர் அதுவரை கேட்டிராத வாக்கியத்தையும் இலக்கணப்படி சரி என்று உணர்வதால், சொற்கள் அடுத்தடுத்து வரும் நிகழ்தகவைக் கொண்டு மொழியறிவை விளக்க இயலாது என்று நோம் சோம்ஸ்கி 1957இல் வாதிட்டார். 1986இல் ரூமல்ஹார்ட்டும் மெக்லெலண்டும் ஆங்கில இறந்தகால வினைகளை விதி ஏதும் கற்பிக்காமலேயே ஒரு நரம்பு வலைப்பின்னல், அதாவது எளிய கணக்கீட்டு அலகுகளைப் பிணைத்து அமைத்த நிரல், கற்றுக்கொள்வதாகக் காட்டினார்கள். பிங்கரும் பிரின்சும் 1988இல் அதன் குறைகளை அடுக்கினார்கள். 1990இல் ஜெஃப்ரி எல்மன் அடுத்த சொல்லை ஊகிக்கப் பழகிய சிறு வலைப்பின்னலுக்குள் பெயர், வினை என்ற பாகுபாடுகள் தாமாகவே உருவாவதைக் காட்டினார். 2017இல் டிரான்ஸ்ஃபார்மர் என்ற வடிவமைப்பு வந்தபின் அதே கருத்து பேரளவில் செயல்படத் தொடங்கியது.

ஊகித்தல் மனித மனத்திலும் நடக்கிறது என்பதில் ஐயமில்லை. எட்டு மாதக் குழந்தைகள் இடைவெளியின்றி ஒலிக்கும் பொருளற்ற அசைகளை இரண்டே நிமிடம் கேட்டு, எந்த அசைக்குப்பின் எது அடிக்கடி வருகிறது என்பதைக்கொண்டு சொல்லின் எல்லையைப் பிரித்தறிகின்றன என்று சாஃப்ரன், அஸ்லின், நியூபோர்ட் ஆகியோர் 1996இல் நிறுவினர். படிக்கும்போது ஒரு சொல்லில் கண் தங்கும் நேரம் அச்சொல் எவ்வளவு எதிர்பாராதது என்பதோடு ஏறி இறங்குகிறது. இந்த எதிர்பாராத் தன்மையின் அளவை வியப்பளவு எனலாம். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சில டிரான்ஸ்ஃபார்மர் மாதிரிகளின் உள்நிலைகளைக்கொண்டு மூளையின் மொழிப் பகுதியில் எழும் செயல்பாட்டைக் கணிசமாக முன்னுரைக்கலாம் என்றது. இத்தனையும் மாதிரிகளின் பக்கம் நிற்கும் வலுவான சான்றுகள். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

எனினும் வினை இறுதியில் நிற்கும் மொழிகளுக்கு வந்தவுடன் படம் மாறுகிறது. ஆங்கிலத்தில் வினை முன்னரே வந்துவிடுவதால் அதன்பின் வரும் சொற்கள் அதனால் கட்டுப்படுகின்றன. தமிழிலும் மலையாளத்திலும் எழுவாய், செயப்படுபொருள், இடம், காலம் எல்லாம் வந்து குவிந்தபின் கடைசியில் வினை வந்து அவற்றை முடிக்கிறது. வினைக்கு முன் எவ்வளவு கூடுதலாகச் சொல்லப்படுகிறதோ அவ்வளவு விரைவாக வினை புரிந்துகொள்ளப்படும் நிலையை ஜெர்மன், இந்தி ஆய்வுகள் கண்டறிந்தன. நினைவில் சுமை ஏறுவதால் வினையில் தாமதம் ஏற்பட வேண்டும் என்று எதிர்பார்த்த பழைய கோட்பாடுகளுக்கு இது முரணானது. மேலும், திறன் கூடிய மாதிரியே மனித வாசிப்பை நன்றாக ஒத்திருக்கும் என்று ஆங்கிலத்தைக்கொண்டு எழுந்த நம்பிக்கை, தமிழைப்போலவே வினையில் முடியும் ஜப்பானிய மொழியில் பொருந்தவில்லை என்று 2021இல் ஓர் ஆய்வுக்குழு காட்டியது. 2023இல் ஆங்கிலத்திலேயே, மிகப்பெரிய மாதிரிகளின் வியப்பளவு மனிதரின் வாசிப்பு நேரத்தோடு முன்னைவிட மோசமாகப் பொருந்துகிறது என்று தெரியவந்தது. எந்த மனிதரும் படித்திராத அளவு எழுத்தைப் படித்த நிரலுக்கு அரிய சொல்லும் வியப்பைத் தருவதில்லை என்பதே இதற்கான விளக்கம். ஆக, சிறப்பாக ஊகிப்பதும் மனிதரைப்போல ஊகிப்பதும் வெவ்வேறு இலக்குகள்.

எல்லைப்பகுதியின் இருமொழிச் சூழல் இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. தமிழில் வினைமுற்றின் விகுதி திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டுகிறது: வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது. இன்றைய மலையாளத்தில் அந்த விகுதிகள் இல்லை. யார் வந்தாலும் வந்நு என்பதே. இரண்டு மொழிகளும் எழுவாயைச் சொல்லாமல் விட அனுமதிக்கின்றன என்றாலும், விடப்பட்ட எழுவாயைத் தமிழ் கேட்பவர் விகுதியிலிருந்தும் மலையாளம் கேட்பவர் சூழலிலிருந்தும் மீட்கிறார். மறுபக்கம், பேசப்படுபவரைச் சேர்த்துச் சொல்லும் பன்மையையும் விலக்கிச் சொல்லும் பன்மையையும் வேறுபடுத்துவதில் இரண்டும் ஒன்றே. நாங்கள், நாம் என்ற பகுப்புக்கு மலையாளத்தில் நேர் இணை உண்டு. பெயரெச்சத் தொடர்கள் பெயருக்கு முன்னால் அமைவதும், பிறர் கூற்றை என்று போன்ற சொல்லால் மூடுவதும் பொது. எனவே மூணாற்றில் இரு மொழியும் கேட்டு வளரும் குழந்தை முழுவதும் வேறான இரண்டு இலக்கணங்களைக் கற்கவில்லை. பெரும்பகுதி ஒன்றாகவும் சில முக்கியமான முடிச்சுகளில் மட்டும் பிரிந்தும் இருக்கும் ஓர் அமைப்பைக் கற்கிறது. அக்குழந்தை ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது வினை எந்த மொழியில் முடியப்போகிறது, விகுதி வருமா வராதா என்பதை எந்தக் குறிப்பிலிருந்து ஊகிக்கிறது? இது அளக்கக்கூடிய கேள்வி. நிகழ்தகவு மாதிரி, விதி மாதிரி இரண்டும் இதற்கு வெவ்வேறு விடைகளை முன்னுரைக்கும்.

இருமொழி மனத்திற்குக் கணினி மாதிரிகள் இல்லாமலில்லை. நெதர்லாந்தில் டைக்ஸ்ட்ராவும் வான் ஹூவனும் 1998இல் முன்வைத்த மாதிரியில், ஒரு சொல்லைக் காணும்போது இரண்டு மொழிகளின் சொற்களும் ஒருசேர விழித்தெழுந்து போட்டியிடுகின்றன. படிப்பவர் ஒரு மொழியை மூடிவைத்துவிட்டு மற்றொன்றைத் திறப்பதில்லை. இருமொழியாளர் இரண்டு ஒருமொழியாளர்களின் கூட்டுத்தொகை ஆகமாட்டார் என்று பிரான்சுவா குரோஜான் 1989இல் வலியுறுத்தியதும் இதே திசையில்தான். ஆனால் அந்த மாதிரி ஒரே எழுத்தைப் பகிரும் டச்சு, ஆங்கிலச் சொற்களின் வாசிப்பைக் கொண்டு கட்டப்பட்டது. தமிழும் மலையாளமும் ஒலியில் நெருங்கியும் எழுத்தில் விலகியும் நிற்பவை. தோட்டத் தொழிலாளி ஒருவர் மலையாளத்தைச் சரளமாகப் பேசினாலும் அதைப் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம். நமக்குத் தேவையான கோட்பாடு செவியில் தொடங்க வேண்டும். இதற்கு இந்தியாவிலேயே ஒரு முன்மாதிரி உண்டு: மகாராஷ்டிரத்தின் குப்வாட் கிராமத்தில் கன்னடம், மராத்தி, உருது ஆகியவை நூற்றாண்டுகால நெருக்கத்தால் சொற்களை வேறாக வைத்துக்கொண்டே இலக்கணத்தில் ஒன்றுபோலாகிவிட்டதை கம்பெர்சும் வில்சனும் 1971இல் விவரித்தார்கள். குடும்பமே வேறான மொழிகளில் அது நடக்குமென்றால், உடன்பிறந்த மொழிகளில் என்ன நடக்கிறது என்பதை அதே கவனத்தோடு கணிக்க வேண்டாமா?

நடப்பிலுள்ள மாதிரிகள் இந்தப் பேச்சைச் சந்திக்கும் முன்னரே அதை இழந்துவிடுகின்றன என்பதுதான் அடிப்படைச் சிக்கல். இணையத்திலிருந்து எழுத்தைத் திரட்டும்போது முதலில் ஒரு நிரல் ஒவ்வொரு பகுதியும் எந்த மொழி என்று முத்திரையிடுகிறது. அந்த முத்திரைக்கு ஐயம் வரும் பகுதி பெரும்பாலும் கழிக்கப்படுகிறது. 2015 செப்டம்பரில் போனஸ் வெட்டை எதிர்த்து மூணாற்றுச் சாலைகளில் அமர்ந்த ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் தங்கள் இயக்கத்திற்குப் பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைத் தமிழ் என்பதா மலையாளம் என்பதா என்ற கேள்வி அப்பெண்களுக்கு எழவே இல்லை; முத்திரையிடும் நிரலுக்கோ அது இல்லாமல் அடுத்த அடி இல்லை. கலப்புப் பேச்சுக்கென்றே 2020இல் உருவான தரவுத்தொகுப்புகளும் தமிழும் ஆங்கிலமும், மலையாளமும் ஆங்கிலமும் கலந்த இணையப் பின்னூட்டங்களைத் திரட்டியவை. அவை பயனுள்ளவை என்றாலும், ஆங்கிலத்தை அச்சாக வைத்துக் கலப்பைப் பார்ப்பதால் இரண்டு திராவிட மொழிகள் தம்முள் கலப்பது அவற்றின் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

அடுத்த தடை குறியாக்கம். மொழி மாதிரி சொல்லை அப்படியே விழுங்குவதில்லை. அதைச் சிறு துண்டுகளாக்கி எண்களாக மாற்றுகிறது. வந்துகொண்டிருந்தார்கள் என்ற சொல்லில் தமிழ்க் கணக்குப்படி 12 எழுத்துகள். யூனிகோடு கணக்கில் 22 குறியீடுகள். பரவலான யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் என 66 பைட்டுகள். ஆங்கில எழுத்தோ ஒரே பைட். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வகுத்த துண்டாக்க முறை இச்சொல்லை எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும் அபாயம் உண்டு. வெட்டப்படும் இடத்திற்கும் வா, கொள், இரு என்ற வினைகளும் காலமும் விகுதியும் இணையும் இடத்திற்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. இந்திய மொழிகளுக்கிடையே உள்ள ஒப்புமையைப் பயன்படுத்த எல்லா எழுத்துகளையும் தேவநாகரிக்கு மாற்றிப் பயிற்றும் உத்தியைச் சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு கையாண்டது. அது அறிவார்ந்த உத்திதான். ஆனால் தமிழ் எழுத்து க என்ற ஒன்றையே பல ஒலிகளுக்குப் பயன்படுத்த, மலையாள எழுத்து அவற்றைத் தனித்தனியே காட்டுவதால், வாயில் ஒன்றாக ஒலிக்கும் சொல்லும் எழுத்து மாற்றத்தில் இரண்டாகிவிடலாம். பேச்சில் இருக்கும் உறவை எழுத்து மறைக்கிறது; எழுத்தில் மட்டும் வாழும் மாதிரி அதைக் காண்பதில்லை.

மூன்றாவதாக, அளவு. 2024இல் வெளியான ஒரு பெரிய மாதிரி 15 லட்சம் கோடி துண்டுகளில் பயிற்றப்பட்டது. ஒரு குழந்தை பதின்மூன்று வயதுக்குள் கேட்கும் சொற்கள் 10 கோடிக்கும் குறைவு என்ற கணிப்பை வைத்து, அந்த அளவுக்குள் மாதிரிகளைப் பயிற்றிப் பார்க்கும் பேபிஎல்எம் என்ற ஆய்வுப் போட்டி 2023இல் தொடங்கியது. அறிதிறனைப் பற்றிப் பேச விரும்புவோர் செல்லவேண்டிய பாதை அதுவே. எல்லையூர்க் குழந்தைக்கோ அந்த 10 கோடிக்குள் இரண்டு மொழிகளும் பள்ளியின் ஆங்கிலமும் அடங்க வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் புகழ்பெற்ற விஸ்பர் மாதிரி 2022இல் 6,80,000 மணிநேர ஒலிப்பதிவில் பயிற்றப்பட்டபோது, எழுத்துவடிவோடு இணைந்த தமிழ்ப் பதிவு 150 மணி நேரத்திற்கும் குறைவு; மலையாளம் ஒரு மணி நேரத்தைக்கூட எட்டவில்லை. மூளை ஆய்வுகளின் நிலையும் இதுதான்: 2022இல் 12 மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த 45 மொழிகளின் மூளைச் செயல்பாட்டை ஒப்பிட்ட மதிப்பு மிக்க ஆய்வில், ஒரு மொழிக்குப் பொதுவாக இருவர் மட்டுமே சோதிக்கப்பட்டனர்.

இவையெல்லாம் கோட்பாட்டுச் சிக்கல்களாக மட்டும் நிற்பதில்லை. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வழிசெய்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழ் வழியில் எழுதலாம். நாளை அக்ஷயா எனப்படும் அரசு இணையச் சேவை மையத்திலோ கைப்பேசியிலோ குரல்வழிச் சேவை வந்து, அது நாளிதழ்த் தமிழையும் திருவனந்தபுரத்து மலையாளத்தையும் மட்டும் புரிந்துகொள்ளுமானால், சட்டம் கொடுத்த உரிமையை மென்பொருள் ஓசையின்றிப் பறித்துவிடும். 2022 ஜூலையில் தொடங்கிய மத்திய அரசின் பாஷினி திட்டம் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளை முன்னிறுத்துகிறது. இருளமும் முதுவானும் அந்த அட்டவணையில் இல்லை. எல்லைத் தமிழ் பெயரளவில் இருந்தும் நடைமுறையில் இல்லை. பெரிய மாதிரிகளே காலப்போக்கில் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும் என்ற பதில் அடிக்கடி கேட்கிறது. எழுதப்படாத பேச்சை எழுத்தின் அளவைப் பெருக்கிக் கற்க வழியில்லை என்பதால் அந்தப் பதிலை ஏற்க இயலவில்லை.

செய்யத்தக்க வேலை தெளிவாகவே இருக்கிறது. 2015இல் தொடங்கப்பட்ட பாலக்காடு ஐ.ஐ.டி. வாளையாறு எல்லைக்கு அருகில் கஞ்சிக்கோட்டில் அமைந்திருக்கிறது. உலகின் எந்த ஆய்வுக்கூடத்திற்கும் கிடைக்காத களம் அதன் வாசலில் இருக்கிறது. இடத்தையும் சமூகத்தையும் குறித்துப் பேச்சைப் பதிவுசெய்யும் ஒழுங்கை, நாகர்கோவில் பகுதியில் பிறந்து திருவனந்தபுரத்தில் திராவிட மொழியியலை வளர்த்த வ.ஐ. சுப்பிரமணியம் 1970களிலேயே மலையாள வட்டார வழக்கு ஆய்வில் காட்டிச் சென்றார். அதைப் பின்பற்றினால், பதிவின்மேல் தமிழ் அல்லது மலையாளம் என்ற ஒற்றை முத்திரை குத்தாமல், பேசுபவர் எந்த ஊரினர், யாரிடம் பேசுகிறார், வீட்டில் யார் எம்மொழி பேசுகிறார்கள் என்று குறிக்கலாம். பேசுபவரின் முழு ஒப்புதலோடும், வேலை நேரக் கூலியை ஈடுசெய்தும், பதிவின் படியை உள்ளூர் நூலகத்தில் அவர்கள் கேட்கும்படி வைத்தும் செய்யப்படாத பதிவு, கொழுந்தைப்போலவே தோட்டத்திலிருந்து எடுத்துச் செல்லப்படும் இன்னொரு விளைபொருளாகிவிடும். அப்படித் திரட்டிய சில கோடிச் சொற்களில் ஒரு சிறு மாதிரியைப் பயிற்றி, தேவிகுளம், சிற்றூர்க் குழந்தைகள் வினையை எதிர்பார்க்கும் நேரத்தோடு அதன் வியப்பளவை ஒப்பிட்டால், நிகழ்தகவு எவ்வளவு தூரம் விளக்குகிறது, எந்த முடிச்சில் விதி போன்ற ஒன்று தேவைப்படுகிறது என்பது ஊகமாக இல்லாமல் முடிவாகக் கிடைக்கும்.

இதற்கு அதிகக் காலம் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னோர் 2001இல் ஏறத்தாழ 6 லட்சம் பேர். 2011இல் 5 லட்சத்தைச் சற்றே தாண்டினர். தோட்டத்திலிருந்து ஓய்வுபெறும் குடும்பங்கள் லயங்களை விட்டுத் தேனிக்கும் தென்காசிக்கும் திரும்புகின்றன. பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் விரும்புகின்றனர். தாத்தா, பாட்டி தலைமுறையோடு ஒரே கூரையின்கீழ் இரு மொழியும் கேட்டு வளரும் குழந்தைகள் இன்று சிற்றூரிலும் தேவிகுளத்திலும் இருக்கிறார்கள். ஒலிப்பதிவை அவர்களிடமிருந்தும், அட்டவணையில் இடம்பெறாத முதுவான், இருளர் குடிகளிலிருந்தும் தொடங்க வேண்டும்.